பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைக்கு வரலாறு எதற்கு?

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து உயர்கல்வி பற்றி வந்த கடிதங்களில் பத்தை இந்த மாதம் எடுத்துக்கொண்டோம். எல்லாம் சுற்றிச் சுற்றி ஓரிடத்துக்கே வருகின்றன. கையில் நேராக ஒரு தொழிலைக் கொடுக்காத படிப்புக்குக் காசும் காலமும் போடலாமா என்பதுதான் அது.

ஐயா, வணக்கம். நானும் வீட்டுக்காரரும் தோட்டத்தில் மரம் வெட்டியவர்கள். இப்போது தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டு ஆறாம் படிவத்தில் வரலாறு, தமிழ், பொருளியல் எடுக்கப் போகிறாளாம். "வரலாற்றை வைத்துக் கஞ்சி காய்ச்ச முடியுமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

அம்மா, நீங்கள் வெட்டிய மரத்திலிருந்தே தொடங்குவோம். வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே ஆரம்பித்து வலப்பக்கம் கீழே சரியும். இது உங்கள் கைக்குத் தெரியும். ஏன் அப்படி என்பதைத் தாவரவியல் சொல்லும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்க்குத்தாக ஏறுவதில்லை, மேலே போகப் போகச் சற்று வலப்பக்கம் சாய்கின்றன. அதற்கு எதிர்ச்சாய்வில் கத்தி போனால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். விடியுமுன் வெட்டச் சொன்னார்களே, அதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய்விடும், குழாய்க்குள் அழுத்தம் இறங்கும், மங்கில் பால் குறையும். பாலை உறைய வைக்கும் திராவகம் வேதியியல்.

இந்த மரம் நம் மண்ணுக்குச் சொந்தமில்லை. பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் 22, இலங்கை வழியாக 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கன்றுகளை உங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நட்டார்கள். ஒரு மரம் இன்னும் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. மரத்தைச் சாகடிக்காமல் தினமும் பால் எடுக்கும் வெட்டு முறையை 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி வகுத்துக் காட்டினார். அந்த வெட்டுக்கு ஆள் தேவைப்பட்டதால்தான் நம் தாத்தாக்கள் கப்பல் ஏறினார்கள். ஆக, வரலாறு உங்கள் வீட்டுக்குப் புதிதாக வரவில்லை. மகள் அதை இப்போது பாடமாக எடுக்கிறாள், அவ்வளவுதான்.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு உங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் காட்டுங்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையோடு லயத்து வீடும் போய் மக்கள் தெருவில் நின்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அந்தக் காரியத்துக்கு என்னென்ன வேண்டியிருந்திருக்கும்? நிலச் சட்டம் தெரிய வேண்டும். துரை ஏன் விற்கிறான், எந்த விலைக்கு வாங்கினால் தாங்கும் என்ற பொருளியல் வேண்டும். கணக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதச் சம்பளத்தில் பத்து வெள்ளியை எடுத்துக் கொடு என்று ஒரு குடும்பத்தை நம்ப வைக்கும் பேச்சு வேண்டும். இது ஒரு துறைக்குள் அடங்குகிற வேலையே அல்ல.

ஆனாலும் சொந்தக்காரர்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆண்டையும் பெயரையும் மனப்பாடம் செய்து தாளில் இறக்கிவைப்பதுதான் வரலாறு என்று மகள் படித்தால், மூன்று ஆண்டு கழித்து அவள் கையில் ஒரு காகிதமே மிஞ்சும். இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால் எதை நம்புவது, ஏன் என்று எழுதப் பழகுகிறாளா என்று பாருங்கள். உங்கள் ஊரிலேயே நல்ல பயிற்சி இருக்கிறது. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையடுத்து அவசரகாலம் பிரகடனமானது. அதை அரசாங்க அறிக்கை ஒரு மாதிரி சொல்லும், தொழிற்சங்கத்தார் நினைவு வேறு மாதிரி சொல்லும், லயத்துக் கிழவி சொல்வது மூன்றாவதாக இருக்கும். மூன்றையும் வைத்து இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

"லிபரல் ஆர்ட்ஸ்" என்றால் ஓவியம், நடனமா? பள்ளியில் சொல்லும் ஆர்ட்ஸ் ஸ்ட்ரீம்தானா? — படிவம் 5 மாணவர்

இரண்டும் இல்லை தம்பி. "லிபரல்" என்பது அரசியல் கட்சி விவகாரமும் இல்லை. லத்தீனில் "லீபெர்" என்றால் சுதந்திரமானவன். அடிமையாக இல்லாதவன் கற்க வேண்டியவை என்று ஐரோப்பாவில் ஏழு கலைகளை வகுத்தார்கள். இலக்கணம், தருக்கம், சொல்வன்மை மூன்றும் ஒரு கட்டு. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் நான்கும் இன்னொரு கட்டு. முதல் கட்டு எழுத்து, இரண்டாவது கட்டு எண். "எண்ணும் எழுத்தும்" என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை. கணிதமும் வானியலும் தொடக்கத்திலிருந்தே உள்ளே இருக்கின்றன என்பதைக் கவனி. அறிவியல் இல்லாத லிபரல் ஆர்ட்ஸ், பாதிக் கல்வி. அதனால்தான் இப்போது "கலை அறிவியல் கல்வி" என்று சேர்த்தே சொல்கிறார்கள். இந்தப் பகுதியில் பல்துறைக் கல்வி என்போம்.

அடிமைக்கு இல்லை என்று பெயரிலேயே எழுதிவைத்த கல்வி இது. சஞ்சிக்கூலியாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு எவ்வளவு கல்வி போதும் என்றும் ஒரு காலத்தில் அளந்துதான் வைத்தார்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளி வந்தது, ஆனால் கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு என்ற அளவோடு நின்றது. "இவர்களுக்கு இது போதும்" என்ற பேச்சை யாரிடம் கேட்டாலும் நாங்கள் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆர்ட்ஸ் ஸ்ட்ரீம் வேறு. அறிவியலுக்குப் புள்ளி போதாதவர்கள் போகும் இடம் என்று நம் ஊரில் அதற்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல், கலை என்ற பிரிவே எடுக்கப்பட்டு, பாடத் தொகுப்பு முறை வந்துவிட்டது. கூடுதல் கணிதத்தோடு பொருளியலையும் தமிழ் இலக்கியத்தையும் சேர்க்கலாம் என்பது ஏட்டில் உள்ள விதி. நடைமுறையில் உன் பள்ளியில் எந்த ஆசிரியர் இருக்கிறார், எந்த நேரத்தில் வகுப்பு என்பதுதான் முடிவு செய்யும். தங்கையோ தம்பியோ மூன்றாம் படிவத்தில் இருந்தால், தொகுப்புப் பட்டியலை இப்போதே பள்ளியில் கேட்டு வாங்கிவிடு.

பல்துறைப் பட்டத்தில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பார்கள் என்கிறார்களே, கடைசியில் எதிலுமே ஆழம் இருக்காதே? — ஆறாம் படிவ மாணவி

சரியாகக் கட்டினால் இருக்கும். கட்டத் தெரியாததால் கெட்டவர்கள் நிறைய, ஆகவே கணக்கோடு சொல்கிறோம்.

கிரெடிட் என்பது பாடத்தின் அளவு. அமெரிக்க முறையில் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 கிரெடிட். ஒரு பாடம் 3 கிரெடிட் என்றால் 40 பாடங்கள், எட்டுப் பருவத்தில் பருவத்துக்கு ஐந்து. அதில் முதன்மைத் துறைக்கு 12 முதல் 15 பாடம் போகும். மற்றொரு பங்கு எல்லோருக்கும் பொதுவானது. அதில் ஆய்வுக்கூடத்தோடு ஓர் அறிவியல், கணிதம் அல்லது புள்ளியியல், எழுத்துப் பயிற்சி, ஒரு மொழி, வரலாறு அல்லது தத்துவம் எல்லாம் வரும். மிச்சம் உன் விருப்பம்.

கெடுவது பெரும்பாலும் அந்த விருப்பப் பங்கில்தான். பாட எண்ணைப் பார். 100 வரிசை அறிமுகம், 300, 400 வரிசை ஆழம். விருப்பப் பாடம் பத்தையும் 100 வரிசையிலேயே எடுத்தால் பத்துத் துறையில் முன்னுரை மட்டும் தெரியும். மூன்றையாவது ஒரே இரண்டாம் துறையில், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்படி எடு. வரலாறு முதன்மை என்றால் புள்ளியியலில் மூன்று பாடம். உயிரியல் முதன்மை என்றால் பொருளியலில் மூன்று.

அடுத்த கோளாறு, கணிதத்தைத் தள்ளிப்போடுவது. கால்குலஸ் ஒன்று முடித்தால்தான் இரண்டு, அது முடித்தால்தான் அதற்கு மேலுள்ள பொருளியல், இயற்பியல் பாடங்கள். இது சங்கிலி. மூன்றாம் ஆண்டில் வந்து "எனக்குப் பொருளியல் பிடித்துவிட்டது" என்றால், ஒரு பருவம் கூடுதலாக உட்கார வேண்டும், கட்டணமும் கூடும். முதல் பருவத்திலேயே ஒரு கணிதத் தாளை முடித்துவிட்டால் எந்தக் கதவும் மூடாது.

நம் நாட்டுப் பட்டத்துக்கும், படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான எம்.கி.யூ.ஏ. வைத்திருக்கும் கீழ்வரம்பு 120 கிரெடிட்தான். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு என்பது அவர்கள் கணக்கு. 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி, 14 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் எட்டரை மணி. ஐந்து பாடத்துக்கு வாரம் 43 மணி நேரம் ஆகிறது, அதாவது ஒரு முழுநேர வேலை. விரிவுரை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பாடங்கள் உண்டு, மீதி நீயே படிப்பதும் எழுதுவதும். வாரக் கடைசியில் இருபது மணி நேரம் கடையில் நிற்கும் மாணவர்களுக்கு முதலில் அடிபடுவது படிப்பதில்லை, எழுதுவது. கட்டுரையை முதல் நாள் இரவில் ஒரே மூச்சில் எழுதி அனுப்புவார்கள். திருத்தி எழுதாத கட்டுரையால் ஒரு பயனும் இல்லை.

இங்குள்ள அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதல் நாளே துறை முடிவாகிவிடும், அகலத்துக்கு இடம் குறைவு. ஆனாலும் எல்லோரும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்களில் "தத்துவமும் நடப்பு விவகாரமும்", "நெறியும் நாகரிகமும்" இரண்டும் உள்ளன. மாணவர்கள் இவற்றைத் தொல்லை என்று கழிப்பார்கள். ஒரு வாதத்தில் எது சான்று, எது வெறும் பேச்சு என்று பிரிக்க வேறெங்கும் சொல்லித்தர மாட்டார்கள். முன்வரிசையில் உட்கார்.

இப்படிப் படித்துவிட்டு டாக்டர் ஆக முடியுமா? — ஒரு தந்தை, சாலாக்

அமெரிக்காவில் முடியும், அங்கே மருத்துவம் முதல் பட்டத்துக்குப் பிறகுதான். இங்கே ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது அடிப்படைக் கல்வி முடித்து நேராக ஐந்தாண்டு மருத்துவம். பல் மருத்துவம், மருந்தாளுமை, பொறியியலும் அப்படியே. பிள்ளை உறுதியாக இவற்றைக் கேட்டால் நேர்வழியில் விடுங்கள், சுற்றி வரத் தேவையில்லை. "எதாவது நல்லதா" என்று மட்டும் சொல்கிற பிள்ளைக்குத்தான் பல்துறைக் கல்வி பொருந்துமா என்று யோசிக்க வேண்டும்.

எஸ்.டி.பி.எம்.மில் எந்தப் பாடங்களைச் சேர்த்து எடுத்தால் பல்கலைக்கழகத்தில் நல்ல அடித்தளமாக இருக்கும்? புள்ளிக் கணக்கையும் விளக்குங்கள்.

பெங்காஜியான் ஆம் என்ற பொதுப் பாடம் எல்லோருக்கும் கட்டாயம். அதோடு மூன்று பாடம், மொத்தம் நான்கு. ஐந்து வரை எடுக்கலாம், ஆனால் ஐந்தாவது பாடம் மற்ற நான்கையும் இழுத்துக்கொண்டு கீழே போவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

தமிழ், வரலாறு, பொருளியல் நல்ல சேர்க்கை. துணிவிருந்தால் வரலாற்றையோ பொருளியலையோ விட்டுவிட்டுக் கலைப்பிரிவு மாணவர்களுக்கென்றே உள்ள "மேத்தமெட்டிக்ஸ் எம்" எடுங்கள். எண் தெரிந்த கலை மாணவர் குறைவு, அதனாலேயே பின்னால் மதிப்பு அதிகம். தமிழைப் புள்ளிக்காக மட்டும் எடுக்காதீர்கள். இலக்கியம், இலக்கணம் இரண்டுக்கும் தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் உழைக்க வேண்டும், பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால் வெளியே வகுப்புத் தேட வேண்டியிருக்கும்.

இனிக் கணக்கு. ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33, பி 3.00. நான்கு பாடத்தில் ஒரு ஏ மைனஸ், ஒரு பி பிளஸ், இரண்டு பி வாங்கினால் மொத்தம் 13.00, நான்கால் வகுத்தால் 3.25. அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. மெரிட்டில் இதற்கு 90 புள்ளி வரை. 3.25-ஐ 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 73.12. மிச்சம் 10 புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. அதில் 8 இருந்தால் மொத்தம் 81.12. புறப்பாடத்தில் 4 மட்டும் வைத்திருப்பவர் அந்த நான்கு புள்ளியைப் படிப்பில் ஈடுகட்ட, பி வாங்கிய ஒரு தாளில் ஏறத்தாழ இரண்டு கிரேடு ஏற வேண்டும். திடலில் ஓடுவது வீண் என்று சொல்லும் பெற்றோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

முதல் இரண்டு பருவத் தாள்களை மறுபடி எழுத வாய்ப்பு உண்டு. முதல் பருவத்தில் சறுக்கியவுடன் படிப்பை விட்டு ஃபேக்டரிக்குப் போகிறவர்கள் இதைத் தெரியாமலே போகிறார்கள். பல்கலைக்கழகம் போகிறவர்கள் எழுதும் மூவெட் ஆங்கிலத் தேர்வில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் இப்போது சம புள்ளி. நம் பிள்ளைகள் பேசுவதிலும் எழுதுவதிலும்தான் விடுகிறார்கள். செய்தித்தாளை வாசித்தால் மட்டும் போதாது, வாசித்ததை வாய்விட்டு இரண்டு நிமிடம் சொல்லிப் பழக வேண்டும்.

வயது 26. எஸ்.பி.எம்.மோடு நின்றுவிட்டேன். செம்பனை ஆலையில் கழிவுநீர்க் குளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இனிப் பட்டம் படிக்க வழி உண்டா? தொழில்நுட்பம்தான் படிக்க வேண்டுமா?

வழி உண்டு. அதற்கு ஏப்பெல் என்று பெயர். வேலை அனுபவத்தை நுழைவுத் தகுதியாகக் கணக்கில் எடுக்கும் முறை. பட்டப்படிப்புக்கு 21 வயதும், படிக்கப்போகும் துறைக்குத் தொடர்புள்ள அனுபவமும் வேண்டும். திறனறித் தேர்வு ஒன்று உண்டு. அதைவிட முக்கியம் போர்ட்ஃபோலியோ, அதாவது உங்கள் அனுபவத்துக்கான சான்றுகளின் தொகுப்பு. பலர் கோட்டை விடுவது இதில்தான். "ஏழு ஆண்டு வேலை செய்தேன்" என்ற முதலாளி கடிதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எதைக் கற்றீர்கள் என்று காட்ட வேண்டும். குளத்தின் அளவு, தினசரிப் பதிவேட்டின் நகல், கோளாறு வந்தபோது நீங்கள் செய்த மாற்றம், போன பயிற்சிகளின் சான்றிதழ் எல்லாம் சேருங்கள். உள்ளே போன பிறகு, ஏற்கெனவே தெரிந்த பாடங்களுக்கு விலக்குக் கேட்கவும் முடியும், மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை. பின்னால் அரசாங்க வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் தேர்ச்சி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒரு தாளை மறுபடி எழுதுங்கள்.

தொழில்நுட்பம்தானா என்று கேட்டீர்கள். உங்கள் குளத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு டன் குலையை ஆட்டினால் அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வரும். ஆலையிலிருந்து வெளிவரும்போது அதன் பி.ஓ.டி., அதாவது கழிவைத் தின்னக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். வெளியே விட 100-க்குக் கீழே இறங்க வேண்டும். அதாவது 99.6 விழுக்காட்டை உங்கள் குளத்துக் கிருமிகள் தின்றாக வேண்டும். அடியில் சேறு ஏறினால் நீர் தங்கும் நாள் குறையும், மேலே எண்ணெய் படிந்தால் காற்று இறங்காது, குலை அதிகம் வரும் மாதங்களில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். இதுவரை அறிவியல்.

அந்த 100 எங்கிருந்து வந்தது? 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 1977-இல் செம்பனை ஆலைகளுக்கான விதிகள். 1978-இல் முதல் வரம்பு 5,000. ஆண்டுக்கு ஆண்டு இறக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். ஒரே நாளில் 100 என்றிருந்தால் ஆலைகள் மூடியிருக்கும், வேலையும் போயிருக்கும். 5,000-இலேயே விட்டிருந்தால் ஆறு செத்திருக்கும். கழிவு கூடக் கூட உரிமக் கட்டணமும் கூடும்படி வைத்து, மிரட்டலோடு கணக்கையும் சேர்த்தார்கள். இதைப் புரிந்துகொள்ள வேதியியல் மட்டும் போதாது. சட்டம், பொருளியல், ஆட்சிமுறை எல்லாம் வேண்டும். ஆகவே சுற்றுச்சூழல் மேலாண்மை, பொது நிர்வாகம் போன்ற கலப்புப் பட்டங்களையும் பாருங்கள். பம்பு ஓட்டுகிறவராகவே ஓய்வு பெறுவதா, அந்த வரம்பை அடுத்த முறை திருத்தும் மேசையில் உட்காருவதா என்பது இந்தத் தேர்வில் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் இலவசமாகப் படிக்கலாம் என்று ஓர் ஏஜெண்டு சொல்கிறார். உண்மையா?

சில இடங்களில் உண்மை, அதற்கு ஏஜெண்டு தேவையில்லை. கென்டக்கியில் பெரியா கல்லூரி 1892 முதல் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டு மாணவர்களைச் சிறு எண்ணிக்கையில் எடுக்கிறார்கள், போட்டி கடுமை. மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி வெளிநாட்டு விண்ணப்பதாரரின் பணநிலையைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, பிறகு தேவைப்படும் உதவியைத் தருகிறது. மற்றக் கல்லூரிகளில் பெரும்பாலானவை உதவி கேட்டாலே வாய்ப்பைக் குறைத்துவிடும்.

விண்ணப்பம் ஜனவரித் தொடக்கத்துக்குள் போக வேண்டும். முன்கூட்டியே முடிவு கேட்பவர்களுக்கு நவம்பர். கட்டுரைகள், ஆசிரியர் பரிந்துரை இரண்டு, குடும்ப வருமான விவரங்கள் தேவை. சம்பளச் சீட்டு இல்லாத அப்பாமார்களுக்கு இதுதான் தலைவலி, கூட்டுறவுச் சங்கப் பதிவு, ஈ.பி.எஃப். சேமநிதி அறிக்கை, முதலாளி கடிதம் எதுவானாலும் முன்பே சேர்த்துவையுங்கள். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. அந்தச் சம்பளத்தில் கட்டணம் கட்டிவிடலாம் என்று ஏஜெண்டு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கோலாலம்பூரில் மேஸி என்ற மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் இதற்கெல்லாம் ஆலோசனை சொல்கிறது.

உள்ளூரில் இரண்டாண்டு, அங்கே இரண்டாண்டு என்ற அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டம் சில தனியார் கல்லூரிகளில் உண்டு. எந்தப் பாடத்தை ஏற்பது என்று முடிவு செய்வது அங்குள்ள பல்கலைக்கழகம். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் கோப்பில் வையுங்கள், தாள் காணாமல் போனால் கிரெடிட்டும் போகும். அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது, இதைப் பலர் இரண்டாம் ஆண்டு முடிவில்தான் கண்டுபிடிக்கிறார்கள். பக்கத்தில் சிங்கப்பூரில் 2011-இல் தொடங்கிய பல்துறைக் கல்லூரியான யேல் என்.யு.எஸ். கல்லூரியை மூடுவதாக 2021-இல் அறிவித்தார்கள், கடைசி அணி 2025-இல் வெளியேறியது. அதன் இடத்தில் என்.யு.எஸ். கல்லூரி நடக்கிறது. மகள்களுக்கு இன்னொன்று: வங்காளதேசத்தின் சிட்டகாங்கில் ஆசிய மகளிர் பல்கலைக்கழகம் 2008 முதல் பல்துறைக் கல்வி தருகிறது, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்கும் அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

தனியார் கல்லூரி அங்கீகாரத்தை எப்படிச் சோதிப்பது?

கல்லூரியின் பெயரைத் தேடாதீர்கள், படிப்பின் பெயரை எம்.கி.யூ.ஏ. பதிவேட்டில் தேடுங்கள். ஒரே கல்லூரியில் ஒரு பட்டம் பதிவில் இருக்கும், பக்கத்து அறைப் பட்டம் இருக்காது. தற்காலிக அங்கீகாரம் வேறு, முழு அங்கீகாரம் வேறு. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே சின்னம்தான் பளபளக்கும்.

மகன் வரலாறு படித்து முடிக்கப் போகிறான். நேராகக் கேட்கிறேன், என்ன வேலை கிடைக்கும்? — ஓய்வுபெற்ற தண்டல்

ஐயா, நேராகவே சொல்கிறோம். பட்டத்தின் பெயர் முதல் வேலையை வாங்கித் தராது. நிர்வாக, அரசதந்திர அதிகாரி சேவையான பி.டி.டி. எந்தத் துறைப் பட்டத்தையும் ஏற்கும். இணையத் தேர்வு, மதிப்பீட்டு முகாம், நேர்முகம் என்று பல கட்டம். நாளேடு, வானொலி, பதிப்பகம், அரும்பொருளகம், நீதிமன்ற மொழிபெயர்ப்பு, வங்கி, காப்புறுதி எல்லாம் அப்படியே, நுழைகிறபோது எழுத்தையும் மொழியையும்தான் பார்ப்பார்கள்.

மகனுக்கு இன்னும் ஒரு பருவம் இருந்தால் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, எக்ஸெலில் ஐந்நூறு வரித் தரவைப் பிரித்து அட்டவணை போடப் பழகட்டும். மற்றொன்று, மலாய்மொழியில் ஒரு பக்க அலுவலகக் கடிதம் பிழையில்லாமல் எழுதட்டும், பட்டதாரிகள் பலர் வெட்கப்படும் இடம் இது. மூன்றாவது, பட்ட ஆய்வேட்டின் சாரத்தை இரண்டு பக்கத்தில் எழுதி நேர்முகத்துக்கு எடுத்துப் போகட்டும். "வரலாறு படித்தேன்" என்பதற்கும், "முப்பது ஆண்டுச் சம்பளப் பதிவேடுகளை ஒப்பிட்டு இந்த முடிவுக்கு வந்தேன்" என்பதற்கும் கேட்பவர் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

முதல் சம்பளம் பொறியாளரைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைப்பதில் பயனில்லை. பி.டி.பி.டி.என். கடன் இருந்தால் அந்தச் சம்பளத்தில் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பெரிய தனியார் கட்டணத்துக்குக் கடன் வாங்கி வரலாறு படிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அதையே படிப்பதைத் தயங்காமல் பரிந்துரைப்போம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது. ரோமில் இறையியலும், அண்ணாமலையில் தமிழும், லண்டனில் கல்வியியலும் படித்த தனிநாயகம் அடிகள் அங்கே தலைவராக இருந்தபோதுதான் 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. ஒரே துறைக்குள் குந்தியிருந்தவரால் அத்தனை நாட்டு அறிஞர்களையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்திருக்க முடியுமா என்று எங்களுக்குச் சந்தேகம்தான்.

பேரன் நான்காம் ஆண்டு. இந்த அகலமான படிப்பை வீட்டிலேயே பழக்க முடியுமா? எனக்குப் படிப்பு அதிகமில்லை. — ஒரு பாட்டி, லிண்டாங்

முடியும் பாட்டி, செலவும் இல்லை. வாரம் ஒரு பொருள். இந்த வாரம் செம்பனைக் குலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழத்தை வெட்டி எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும். தசையில் ஒன்று, கொட்டைக்குள் வேறொன்று. அந்தக் காலத்தில் பெண்கள் பூவுக்குப் பூ மகரந்தம் தூவியதைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டதும் அந்த வேலையே இல்லாமல் போனது. ஆண் பூவைத் தட்டினால் வண்டு உதிரும், பேரன் எண்ணட்டும். பிறகு கடையில் ஒரு கிலோ சமையல் எண்ணெய் விலையையும், அன்றைக்குக் குலை விலையையும் கேட்டு எழுதட்டும். ஒரு டன் குலையில் ஏறத்தாழ 200 கிலோ எண்ணெய், வகுத்தல் கணக்கு அங்கேயே வந்துவிடும். கடைசியில் தமிழில் பத்து வரி, மலாயில் ஐந்து வரி.

நீங்கள் விடை சொல்ல வேண்டியதில்லை. "ஏன்டா அப்படி?" என்று மட்டும் கேளுங்கள். தெரியவில்லை என்றால் நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கட்டும், சனிக்கிழமை நூலகத்துக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை எடுத்துப் போகலாம்.